சாப்பிட மறுக்கும் பூனை: ஆசை காட்டலா, மருந்தா, சிரிஞ்சா, குழாயா?

உடம்பு சரியில்லாத பூனை தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்து போனால், 'பசித்தால் வரும்' என்று விட்டுவிட முடியாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடல் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். வந்து குவியும் கொழுப்பை ஈரல் தாங்காது, அது அங்கேயே தேங்கிவிடும். சில நாள் பட்டினியே இதற்குப் போதும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே எந்த வழியில் ஊட்டுவது என்ற கேள்வியோடு, அதற்கு எத்தனை நாள் கொடுக்கலாம் என்ற கேள்வியும் சேர்ந்தே வரும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் இறங்கவில்லை என்றாலே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

எல்லோரும் முதலில் செய்வது ஆசை காட்டுவது. பூனைக்கு வாசனைதான் எல்லாம். சளியால் மூக்கடைத்த பூனைக்கு எந்த உணவும் உணவாகத் தெரியாது. மூக்கைத் துடைத்துவிட்டு, ஈர உணவை உடல் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக்கி, அகலமான தட்டில் வையுங்கள். இனிப்பு சேர்த்துப் பயனில்லை, பூனைக்கு அந்தச் சுவையே தெரியாது. வெங்காயமோ பூண்டோ கலந்த சூப் பக்கமே போகாதீர்கள், அவை பூனைக்கு நஞ்சு.

இந்த வழியில் செலவும் இல்லை, துன்பமும் இல்லை. ஆனால் நம்மை ஏமாற்றும். இரண்டு நக்கு நக்கியதும் நமக்கு மனம் நிறைந்துவிடுகிறது. 4 கிலோ பூனைக்குச் சும்மா படுத்திருக்கவே நாளுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். எவ்வளவு உள்ளே போனது என்று எடை போட்டுப் பாருங்கள், நிலவரம் தெரியும். பூனை உதட்டை நக்கிக்கொண்டே எச்சில் விழுங்கினாலோ, முகத்தைத் திருப்பினாலோ அது குமட்டல். உடனே தட்டை எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வற்புறுத்தினால், குணமான பிறகும் அந்த உணவைத் தொடாது.

பசி தூண்டும் மருந்துகளில் மிர்டாசபின் காதின் உட்பக்கம் தடவும் களிம்பாகவும் கிடைக்கிறது. மாத்திரை விழுங்க வைக்கும் போராட்டம் இல்லாததே பெரிய நிம்மதி. தடவுபவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். சில பூனைகள் ஓயாமல் கத்தும், நிலைகொள்ளாமல் அலையும். சிறுநீரகமோ ஈரலோ கெட்டிருந்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். கேப்ரோமோரலின் வாயில் விடும் திரவம். ஆனால் குமட்டலும் வலியும் அப்படியே இருக்க, பசியை மட்டும் தூண்டி என்ன பயன்? மாரோபிடன்ட் போன்ற குமட்டல் மருந்து வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது பூனையைக் கொன்றுவிடும்.

சிரிஞ்ச் ஊட்டல்தான் எனக்கு ஒப்பாத வழி. கணக்கே உதைக்கிறது. மில்லிக்கு 1 கலோரி உள்ள கூழ் என்றால் நாளுக்கு 200 மில்லி. 5 மில்லி சிரிஞ்சில் 40 முறை. ஒவ்வொரு முறையும் துண்டில் சுற்றி, பிடித்து, போராடி! பாதி வெளியே வழியும். மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா. இரண்டு நாளில் உங்களைக் கண்டாலே பூனை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். கோரைப் பல்லுக்குப் பின்னால், கன்னத்தோரம் விட்டதும் தானாக விழுங்குகிற சாதுப் பூனைக்கு, அதுவும் ஓரிரு நாளுக்கு என்றால் சரி. தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மயக்கத்தில் இருக்கும், வாந்தி எடுக்கும், மூச்சுத் திணறும் பூனைக்கு வேண்டவே வேண்டாம்.

குழாய் என்றதும் பலரும் 'அவ்வளவு மோசமாகிவிட்டதா' என்று பதறுகிறார்கள். மூக்குக் குழாயை மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டே போட்டுவிடலாம். மெல்லியது என்பதால் திரவ உணவு மட்டுமே போகும், சில நாள்தான் தாங்கும், தும்மலில் வெளியே வந்தாலும் வரும். கழுத்து வழியே உணவுக்குழாய்க்குப் போடும் குழாய்க்கு முழு மயக்கம் தேவை, இரத்தம் உறைவதில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த ஒரு தடையைத் தாண்டிவிட்டால் அப்புறம் எல்லாம் சுலபம். அரைத்த உணவு, தண்ணீர், மருந்து எல்லாம் அதன் வழியே போகும். வாரக்கணக்கில் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பூனை தூங்கும்போதுகூட ஊட்டலாம், விருப்பப்பட்டால் அது வாயாலும் சாப்பிடலாம். ஊட்டும் முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், துளையைச் சுத்தமாக வைக்க வேண்டும். வாந்தியில் குழாய் மேலே வந்துவிட்டால் அதில் எதையும் செலுத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எந்த வழியானாலும் நெடுநாள் பட்டினிக்குப் பின் முதல் நாளே முழு அளவு கூடாது. இரத்தத்தில் பாஸ்பரசும் பொட்டாசியமும் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கால் பங்கில் தொடங்கி, சில நாளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆசை காட்ட ஒரு நாள், கூடவே குமட்டலுக்கும் பசிக்கும் மருந்து. நோய் சீக்கிரம் தீராது என்று மருத்துவர் சொன்னால், கழுத்துக் குழாயைப் பற்றி அன்றே கேட்டுவிடுவேன். பூனை தெம்பாக இருக்கும்போது மயக்கம் கொடுப்பதில் ஆபத்து குறைவு. தானாகச் சாப்பிட்டு எடையும் குறையாமல் இருந்தால் குழாயை எடுத்துவிடுவார்கள். துளைக்குப் பெரும்பாலும் தையல்கூட வேண்டாம், தானே மூடிக்கொள்ளும்.