தக்காளி லோடும் உத்தனப்பள்ளிப் பனியும்: பிக்கப்புக்கு எந்த ஃபாக் லைட்?

மார்கழியில் பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு ராத்திரி ரெண்டரைக்குக் கிளம்பினால், மாரண்டஅள்ளி வரைக்கும் வானத்தில் நட்சத்திரம் தெரியும். ராயக்கோட்டை தாண்டியதும் கண்ணாடி லேசாக வேர்க்கும். உத்தனப்பள்ளி நெருங்கும்போது ஏரிப் பக்கத்துப் பள்ளங்களில் பனி சாலைமேல் அப்படியே படுத்திருக்கும். ஹெட்லைட்டை பிரைட்டில் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர். டிம்மில் போட்டால் அந்தச் சுவர் கொஞ்சம் தள்ளி நிற்கும், அவ்வளவுதான். விடிவதற்குள் பெங்களூரு மார்க்கெட்டில் சரக்கை இறக்க வேண்டும் என்பதால் ஓரம் கட்டிவிட்டுக் காத்திருக்கவும் முடியாது.

இந்தச் சுவரோடு மல்லுக்கட்டி மூன்று பனிக்காலம் போய்விட்டது. என் பிக்கப்பில் ஒன்று மாற்றி ஒன்றாக நாலு வகை லைட் போட்டுப் பார்த்தேன். அதில் இரண்டை, கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு மாங்கூழ் டிரம் ஓட்டும் மச்சான் தன் ஆறு சக்கர லாரியிலும் மாட்டினார். என் வண்டி 12 வோல்ட், அவர் வண்டி 24. இந்த வித்தியாசம் பின்னால் ஒரு பட்டறையில் புகை கிளப்பியது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் பனிக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். பனி என்பது காற்றில் மிதக்கிற நுண்ணிய நீர்த்துளி. வெளிச்சம் அதில் பட்டால் எல்லாப் பக்கமும் சிதறும், ஒரு பங்கு நம் கண்ணுக்கே திரும்பி வரும். நம் பார்வை போகிற பாதையில் எவ்வளவு வெளிச்சம் பாய்ச்சுகிறோமோ அவ்வளவும் நமக்கே எதிரி. அதனால்தான் ஃபாக் லைட்டைக் கண்ணிலிருந்து தள்ளி, தாழ்வாக மாட்டுகிறார்கள். அதன் ஒளி அகலமாக விரிய வேண்டும். மேல் விளிம்பு கத்தியால் வெட்டிய மாதிரி இருக்க வேண்டும், அந்தக் கோட்டுக்கு மேலே ஒளி ஏறவே கூடாது. ஐரோப்பிய விதியில் கார், சிறு சரக்கு வண்டிகளுக்குத் தரையிலிருந்து 800 மில்லிமீட்டர்தான் உச்சம், பெரிய லாரிக்கு 1200. கேபின் கூரைமேல் நீட்டமாக மாட்டுகிற எல்இடி பார் லைட்டை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை. டிரைவர் கண்ணுக்கு நேர் மேலே விளக்கு வைப்பது பனியில் தன் கண்ணைத் தானே குத்திக்கொள்கிற வேலை.

சரி, போட்டிக்கு வந்தவை நாலு: வண்டியோடு வந்த ஹாலஜன், அதே கூட்டுக்குள் பல்பை மட்டும் மாற்றுகிற எல்இடி, கடைகளில் தொங்குகிற சதுர எல்இடி லைட், லென்ஸோடு முழுசாக வருகிற எல்இடி ஃபாக் லைட்.

ஹாலஜனை எல்லோரும் திட்டுவார்கள். மங்கல், மஞ்சள், கரண்ட் தின்னும். உண்மைதான். 55 வாட் பல்பு ரெண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதில் பெரும்பகுதி சூடாகவே போகும். ஆனால் அந்தச் சூட்டுக்கு ஒரு பலன் உண்டு. மழையில் கூட்டுக்குள் ஈரம் ஏறினால், அரை மணி நேரம் எரியவிட்டாலே தானாகக் காய்ந்துவிடும். ஒளியின் வடிவமும் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் பின்னால் இருக்கிற குழிந்த தகடு பல்புக்குள் எரிகிற இழைக்காகவே வடித்தது. உத்தனப்பள்ளிப் பள்ளத்தில் ஹாலஜனோடு போனபோது நடுக்கோட்டில் ரெண்டு வெள்ளைத் துண்டு தெரிந்தது. மூன்றாவது துண்டு இருக்கிறது என்று நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

அடுத்து, பல்பை மட்டும் மாற்றுகிற வழி. செலவு கம்மி, வேலை பத்து நிமிஷம். பழைய பல்பைத் திருகி எடு, புதுசைச் சொருகு. பட்டறைச் சுவரில் அடித்துப் பார்த்தபோது நானும் அசந்துதான் போனேன், அப்படி ஒரு வெள்ளை. கொஞ்சம் பின்னால் நின்று பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மேல் விளிம்புக் கோட்டைக் காணோம். சுவர் முழுக்கப் பரவி, கூரை ஓடு வரைக்கும் ஏறியிருந்தது. ஹாலஜன் இழை ஒரு மெல்லிய கம்பி, அதன் இடம் மில்லிமீட்டர் கணக்கில் குறித்தது. எல்இடி பல்பில் ஒரு தடித்த பட்டையின் ரெண்டு பக்கமும் ஒளி தருகிற சில்லு (சிப்) ஒட்டியிருக்கிறது. தகட்டுக்கு அது வேறு விளக்கு. சில்லு இடமும் வலமும் பார்க்கிற மாதிரி பல்பைத் திருப்பி மாட்டினால் கொஞ்சம் தேறும், மேலும் கீழும் பார்த்தால் சுத்த மோசம். நான் திருப்பியும் பார்த்தேன். அந்த வாரமே எதிரே வந்த பஸ்காரர் மூன்று தடவை பிரைட் அடித்துக் காட்டிவிட்டுப் போனார். பனியில் ஹாலஜனைவிட ஒரு துண்டு குறைவாகத்தான் தெரிந்தது. வெளிச்சம் கூடியது, பார்வை குறைந்தது.

சட்டமும் இங்கே குறுக்கே வரும். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, முன் விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திரும்பியிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிற கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. தெரிந்தவர் யாரையாவது அந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். அவர் முகத்தைச் சுளித்தால் பல்பைக் கழற்ற வேண்டியதுதான்.

மூன்றாவது, சதுர லைட். நாலு சில்லு, ஆறு சில்லு, ஒன்பது சில்லு என்று உள்ளங்கை அகலத்தில் வரும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும், அட்டைப் பெட்டியில் வாட் எண் மட்டும் மூன்று இலக்கத்தில் இருக்கும். அந்த எண்ணை நம்பவே வேண்டாம். என் எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டரைத் தொடராக வைத்துக் காட்டினார். பெட்டியில் எழுதியிருந்ததில் கால் பங்குகூட இழுக்கவில்லை. "தம்பி, எழுதறதுக்கு என்ன, மைதானே செலவு" என்றார். வாட் பொய் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வடிவமே இல்லை என்பதுதான் பெரிய குறை. இதெல்லாம் டிராக்டர், ஜேசிபி மாதிரி வண்டிகளுக்கு வேலை செய்கிற இடத்தை நாலாபுறமும் நிரப்புவதற்காகச் செய்தவை. சாலையில், அதுவும் பனியில், வண்டியைச் சுற்றி ஒரு வெள்ளைக் கூண்டு கட்டிவிடும். இன்னொரு தொல்லையையும் சொல்ல வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் தர்மபுரி வானொலி இரைய ஆரம்பித்தது. எல்இடிக்குக் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கிற மலிவான டிரைவர் சர்க்யூட்டின் சத்தம் அது. லைட் வேண்டுமா பாட்டு வேண்டுமா என்று தினமும் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

நாலாவதுதான் இப்போது என் பம்பரில் இருக்கிறது. வட்டமான கூடு, முன்னால் லென்ஸ், பின்னால் வரி வரியாக அலுமினியம். வாங்கும்போது நான் பார்த்தது கண்ணாடியில் பொறித்திருந்த குறியை. வட்டத்துக்குள் ஆங்கில 'இ' (E) எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 'பி' (B) அல்லது 'எஃப்3' (F3) என்றும் இருந்தால், முன்பக்க ஃபாக் லைட்டுக்கான ஐரோப்பியத் தரத்தில் தேறியது என்று பொருள். பெட்டிமேல் 'ஃபாக்' என்று போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. விலை சதுர லைட்டைப் போல் பல மடங்கு. கடையில் பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது வயிற்றைக் கலக்கியது நிஜம். ஆனால் சுவரில் அடித்தபோது ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு, அதற்குக் கீழே ரெண்டு ஆள் கை நீட்டிய அகலத்துக்கு வெளிச்சம், மேலே இருட்டு. பள்ளத்தில் நாலு துண்டு தெரிகிறது. அதைவிட முக்கியம், ரெண்டு பக்கத்து மண் ஓரமும் தெரிகிறது. கோடு அழிந்த இடத்தில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டுதானே போகிறோம்.

குறை இல்லாமல் இல்லை. ஹாலஜன் பல்பு போனால் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். இது போனால் கூட்டோடு மாற்ற வேண்டும். சூடு முன்பக்கம் வராததால் கண்ணாடியில் படிகிற சேறும் ஈரமும் தானாகக் காயாது, லோடு இறக்கும் இடத்தில் ஒரு துணியால் துடைக்க வேண்டியிருக்கிறது. தூசியும் தண்ணீரும் புகாமல் தடுக்கிற ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே இறங்காது. ஆனால் அது கூட்டுக்குத்தான். நாம் போடுகிற ஒயர் ஜாயிண்ட்டுக்கு யாரும் அந்த உத்தரவாதம் தரவில்லை.

நிறத்தைப் பற்றி டீக்கடையில் நிறையப் பேச்சு உண்டு. மஞ்சள் பனியைத் துளைக்கும் என்பார்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது. அதனால் மஞ்சளையும் வெள்ளையையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் சிதறடிக்கும், துளைப்பது என்று எதுவும் கிடையாது. பிரான்சில் 1936இல் மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கி, 1993 வரைக்கும் விடாமல் வைத்திருந்து, கடைசியில் வெள்ளைக்கே வந்தார்கள். அப்படியானால் நான் ஏன் 3000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்கிற அளவு) மஞ்சளை எடுத்தேன்? கண் அயர்வுதான் காரணம். 6000க்கு மேல் போகிற வெள்ளையில் நீலம் தூக்கல், திரும்பி வருகிற ஒளி அதிகமாகக் கூசும். நனைந்த தார் ரோட்டில் அந்த வெள்ளை எங்கே போனதென்றே தெரியாது, தண்ணீர் நின்ற குழியும் ரோடும் ஒரே சாம்பல். வெள்ளை விளக்குமேல் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்த காசுக்கு வந்த வெளிச்சத்தில் ஒரு பகுதியை ஸ்டிக்கரே தின்றுவிடும்.

இப்போது அந்தப் புகைக்கு வருகிறேன். மச்சான் லாரியில் லைட் 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் ரகம், அதில் வம்பில்லை. அவர் போன பட்டறையில் என் வண்டிக்குப் போட்ட அதே மாதிரி ரிலேயை (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற ஸ்விட்ச்) எடுத்து மாட்டிவிட்டார்கள். ரிலேயின் 85, 86 முனைகளுக்கு நடுவில் இருக்கிற சுருள் 12 வோல்ட்டுக்கானது, 24 ஏறினால் அடுப்பாகிவிடும். ஸ்விட்ச் போட்டுக் கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்குக் கீழே எரிந்த வார்னிஷ் வாசனை, அப்புறம் மெல்லிசாகப் புகை. மச்சான் பேட்டரிக் கம்பியை உருவிவிட்டார். அதற்குப் பின்னும் மாட்டிவிட்ட பட்டறைப் பையன் சளைக்கவில்லை. "ரெண்டு பேட்டரி இருக்கில்லண்ணா, ஒண்ணுல இருந்து மட்டும் 12 எடுத்துக்கலாம்" என்றான். இதை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். தொடராகக் கட்டிய ரெண்டில் ஒன்று மட்டும் தேய்ந்துகொண்டே போகும், மற்றது மிகைச் சார்ஜில் கொதிக்கும். சில மாதத்தில் ரெண்டையும் மாற்ற வேண்டிவரும். 24 வோல்ட் ரிலே கேட்டு வாங்கினால் போதும்.

மற்றபடி ஒயரிங் எளிது. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30, 87இலிருந்து லைட்டுக்கு. 20 வாட் லைட் ரெண்டுக்கு 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர்கூட வராது, ஏழரை ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஸ்விட்சுக்குக் கரண்டை பார்க்கிங் லைட் லைனிலிருந்து எடுத்தேன். அதை அணைத்தால் ஃபாக் லைட்டும் அணையும், மறந்து எரியவிட வழியில்லை. எர்த்தைப் பெயிண்ட் சுரண்டிய சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்குங்கள். பெயிண்ட் மேலேயே வாஷர் வைத்து முறுக்கிய வண்டிகளில்தான் லைட் மினுக்கும்.

ஏறக்குறைய எல்லோரும் கோட்டை விடுவது கோணம் பார்ப்பதில். சமதளத்தில் சுவரிலிருந்து 25 அடி தள்ளி வண்டியை நிறுத்தி, விளக்கின் மையம் எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு அங்குலம் கீழே விழுகிற மாதிரி திருப்ப வேண்டும். இதை நான் முதலில் காலி வண்டியில் செய்தேன். அன்று ராத்திரியே எதிர் வண்டிகள் டிப் அடிக்க ஆரம்பித்தன. தக்காளி கிரேட் ஏறினால் பின் ஸ்பிரிங் பட்டை இறங்கும், மூக்கு தூக்கும், நாலு அங்குலக் கணக்கு காற்றில் போகும். மறுநாள் பாலக்கோட்டில் லோடு ஏற்றி முடித்த கையோடு, அங்கிருந்த குடோன் சுவரில் கோடு போட்டுத் திரும்ப வைத்தேன். காலியாகத் திரும்பி வருவது பெரும்பாலும் பகலில்தான், அப்போது ஒளி கொஞ்சம் கிட்டவே விழுந்தாலும் நஷ்டமில்லை.

என் கணக்கில் பனிக்காலத்தில் ராயக்கோட்டை, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராத்திரி ஓட்டுகிறவர்களுக்கு நாலாவது வகைதான், கொஞ்சம் காசு சேர்த்தாவது. மச்சானைப் போல வாலாஜா வழியாகச் சென்னை ஓட்டுகிறவர்கள் ஹாலஜனையே நல்ல கோணத்தில் வைத்துக்கொண்டால் போதும். அவரே இப்போது அதற்குத் திரும்பிவிட்டார். தொப்பூர் கணவாய்க்காக ஃபாக் லைட் மாட்டப் போகிறேன் என்று ஒரு நண்பர் கேட்டார். அந்த இறக்கத்தில் பாடுபடுவது பிரேக்கும் கியரும். லைட்டுக்கு வைத்திருக்கும் காசில் பிரேக் லைனிங்கைப் பார்க்கச் சொன்னேன், கோபித்துக்கொண்டார்.

கழற்றிய சதுர லைட் ரெண்டும் வீணாகவில்லை. பாடிக்குப் பின்னால், கதவுக்கு மேல் தனி ஸ்விட்சோடு மாட்டியிருக்கிறேன். நிறுத்திவைத்து ராத்திரியில் கிரேட் ஏற்றும்போது தக்காளியின் காம்பு வரைக்கும் தெரிகிறது.