ஜிஎன் 30-ஆ, ஆர்எல் 8-ஆ: சேது எக்ஸ்பிரஸில் எந்த வெயிட்டிங்கை நம்பலாம்?

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து சென்னைக்கு சேதுவிலோ போட் மெயிலிலோ டிக்கெட் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வெயிட்டிங் நம்பரை. அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஜிஎன்டபிள்யூஎல் (டபிள்யூஎல் என்றால் வெயிட்டிங் லிஸ்ட்) 30-க்கு பெர்த் விழுந்து, ஆர்எல்டபிள்யூஎல் 8 அப்படியே நின்றுபோவது சாதாரணம்.

ஜிஎன் என்பது பொதுவரிசை. வண்டி கிளம்பும் ஊரிலிருந்தோ அதை ஒட்டிய ஸ்டேஷன்களிலிருந்தோ போகிறவர்களுக்குக் கிடைப்பது. பெரும்பாலான பெர்த் இதில் இருப்பதால் கேன்சலும் இதில்தான் அதிகம் விழும். ஆர்எல், வழியிலுள்ள ஊருக்கென்று ஒதுக்கிய சில பெர்த்துகளுக்கான வரிசை. அந்தச் சிலவற்றில் ஒருவர் ரத்து செய்தால்தான் நகரும். பிக்யூ இன்னும் மோசம், பல ஊர்கள் ஒரே சிறு கோட்டாவுக்குக் காத்திருக்கும்.

ஆகவே பரமக்குடியிலோ இராமநாதபுரத்திலோ ஏறுகிறவர்கள் ஒரே வண்டியை இரண்டு விதமாகப் போட்டுப் பாருங்கள்: சொந்த ஊரிலிருந்து ஒருமுறை, வண்டி கிளம்பும் இராமேஸ்வரத்திலிருந்து ஒருமுறை. முதலாவது ஆர்எல் அல்லது பிக்யூ என்றும், இரண்டாவது ஜிஎன் என்றும் காட்டினால், இராமேஸ்வரத்திலிருந்து டிக்கெட் எடுத்து, புக் செய்யும்போதே போர்டிங் ஸ்டேஷனாக உங்கள் ஊரைக் கொடுங்கள். கட்டண வித்தியாசம் சிறியது. போர்டிங் மாற்றியபின் இராமேஸ்வரத்தில் ஏறும் உரிமை போய்விடும், அதை மறக்காதீர்கள்.

"ஜிஎன்டபிள்யூஎல் 45/டபிள்யூஎல் 12" என்றால் முதல் எண் கடைசி டிக்கெட் வாங்கியவரின் வரிசை எண், இரண்டாவது அந்த வரிசையில் இன்று அவர் இருக்கும் இடம். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் வரிசை நகர்கிறது என்று பொருள்.

ஆர்ஏசியா (முழு பெர்த் இல்லாமல் உட்கார இடம் தரும் டிக்கெட்), வெயிட்டிங்கா என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆர்ஏசிதான். ஆர்ஏசியில் வண்டியில் ஏறலாம். சைடு லோயரில் இருவர் உட்கார்ந்து போகலாம், காலியாகும் பெர்த் முதலில் உங்களுக்குத்தான். வெயிட்டிங்கில் ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏறக்கூடாது. ஆன்லைன் டிக்கெட் என்றால் சார்ட் (யாருக்கு எந்த பெர்த் என்ற இறுதிப் பட்டியல்) போட்டதும் தானாக ரத்தாகும். மாலை வண்டிகளுக்குச் சார்ட் காலையிலோ நண்பகலிலோ வந்துவிடுவதால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்கும். கவுன்டர் டிக்கெட் தானாக ரத்தாகாது. நீங்கள்தான் புறப்பாட்டுக்கு 30 நிமிடம் முன்பே ரத்து செய்ய வேண்டும்.

தட்கல் (கடைசி நேர முன்பதிவு) இதற்கு மாற்றாகுமா? முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசி, 11-க்கு ஸ்லீப்பர். ஸ்லீப்பருக்குக் கூடுதலாக 100 முதல் 200 ரூபாய். ஆன்லைனில் ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். உறுதியான தட்கலை ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. தட்கல் வெயிட்டிங்கை வாங்காதீர்கள்: அது ஆர்ஏசிக்குள் போகாது, சார்ட்டில் ஜிஎன்னுக்குப் பிறகுதான் பார்க்கப்படும்.

ரத்துக்கணக்கில் வெயிட்டிங், ஆர்ஏசி இரண்டும் ஒன்றே: தலைக்கு 60 ரூபாய், ஏசியில் வரி சேரும். உறுதியானதை முன்கூட்டியே ரத்து செய்தால் ஸ்லீப்பருக்கு 120, மூன்றடுக்கு ஏசிக்கு 180, இரண்டடுக்குக்கு 200 பிடிப்பார்கள். நேரம் நெருங்க நெருங்க 25 சதவீதம், 50 சதவீதம் என ஏறி, கடைசியில் ஒன்றும் கிடைக்காது. அடிக்கடி தவறுவது குடும்ப டிக்கெட்: ஒரே பிஎன்ஆரில் மூவருக்கு உறுதி, இருவருக்கு வெயிட்டிங் என்றால் அது தானாக ரத்தாகாது. யாருமே போகப்போவதில்லை என்றால் 30 நிமிடம் முன்பே முழு டிக்கெட்டையும் ரத்து செய்யுங்கள்.

ஆடி, தை அமாவாசைக்கு மறுநாள் சென்னை திரும்புவதாக இருந்தால், 60 நாள் முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. தவறவிட்டால் இங்கேயே ஆர்எல்லில் தொங்குவதைவிட, மதுரை வரை முன்பதிவில்லாத வண்டியிலோ பஸ்ஸிலோ போய், மதுரையில் கிளம்பும் பாண்டியனிலோ வைகையிலோ பொதுவரிசையில் எடுப்பது மேல். மதுரைக்கு மூன்று மணி நேரமாவது வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.