நான்கில் வைத்தால் மட்டும் புயல்

நான் ஓட்டும் கார் மாடலையே பழைய காராக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்ஜின், மைலேஜ் எல்லாம் அவருக்கே தெரியும். பல ஆண்டுகள் ஓட்டியவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டியது, ஏசி விசிறியின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும் ப்ளோயர் ரெசிஸ்டரைப் பற்றித்தான்.

ஏசி குமிழை ஒன்று, இரண்டு, மூன்றில் வைத்தால் காற்றே வராது. நான்கில் வைத்தால் புயல். இப்படியானால் விசிறி மோட்டார் போய்விட்டது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். குறைந்த வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டரின் கம்பிச்சுருள்கள் வழியாகப் போகிறது. நான்காம் வேகத்துக்கு அதைத் தொடாமல் நேரே மோட்டாருக்குப் போய்விடுகிறது. ரெசிஸ்டரில் உள்ள வெப்ப ஃபியூஸ் அறுந்தால் மற்ற மூன்றும் ஒன்றாகப் படுத்துவிடும். தானியங்கி ஏசி உள்ள வண்டிகளின் சங்கதி வேறு.

பாகம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதைப் பொருத்திய இடம்தான் வயிற்றெரிச்சல். க்ளவ் பாக்ஸைக் கழற்றிவிட்டு, கால் வைக்கும் இடத்தில் தலையை வைத்துப் படுத்தால்தான் இரண்டாவது திருகாணி கண்ணில் படும். பட்டாலும் ஸ்க்ரூ டிரைவர் நேராக நுழையாது. வடிவமைத்த புண்ணியவான் தன் கையால் ஒருமுறையாவது கழற்றிப் பார்த்திருப்பாரா? காற்றுப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால்தான் ரெசிஸ்டரின் சூடு தணியும், அதனால் வேறு இடத்தில் வைக்க முடியாது என்பது நியாயம்தான். அதற்காகத் திருகாணியைச் சுவரைப் பார்த்தா வைப்பது?

முதல் தடவை சர்வீஸ் சென்டரில் ரெசிஸ்டரை மட்டும் மாற்றித் தந்தார்கள். அடுத்த கோடையில் மறுபடியும் அதே கதை. இம்முறை நானே பிரித்தேன். ரெசிஸ்டரில் செருகும் ஒயர் கனெக்டரின் ஒரு மூலை பழுப்பேறி உருகியிருந்தது. உள்ளே இருந்த முனை பிடிப்பில்லாமல் ஆடியது. தளர்ந்த இணைப்பு சூடேறும், சூடேறினால் மேலும் தளரும். அதில் புது ரெசிஸ்டரைச் செருகி அனுப்பியிருக்கிறார்கள்! காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரும் தூசியடைத்துக் கிடந்தது. காற்று குறைந்தால் ரெசிஸ்டர் எப்படிக் குளிரும்? மோட்டார் இறுகியிருந்தாலும் மின்சாரத்தை அதிகம் இழுத்து ரெசிஸ்டரைக் காவு வாங்கும் என்பதால், விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையின்றிச் சுழன்றது. ரெசிஸ்டர், ஒயருடன் வரும் புதுக் கனெக்டர், ஃபில்டர் மூன்றையும் மாற்றினேன்.

இப்போது ஒன்றில் வைத்தால் சத்தமே இல்லாத மெல்லிய காற்று. பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறது. மற்றபடி இந்த வண்டி என்னை வழியில் நிறுத்தியதே இல்லை. ஆனாலும் நண்பரிடம் வேறு கார் பாருங்கள் என்றுதான் சொன்னேன். அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுவீர்களா என்றார். விற்க மாட்டேன். இதையே வாங்குவேன் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால், நான்கு வேகத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். க்ளவ் பாக்ஸைக் கழற்றி, கனெக்டர் பழுப்பேறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.