மிச்சமான குவாக்கமோலே: நிறத்தைக் காக்கும் வழி எது, வயிற்றைக் காக்கும் வழி எது?

பெரம்பூர், வண்ணாரப்பேட்டைப் பழக்கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று கேட்டு வாங்கும் பழத்தைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஜூஸாக அடித்துக் குடிப்பதே நமக்குப் பழக்கம். அதே பழத்தை வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைச் சாறு, உப்பு ஆகியவற்றோடு மசித்தால் மெக்சிகோ நாட்டின் குவாக்கமோலே ஆகிவிடுகிறது. சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளவும் அது நன்றாகவே பொருந்துகிறது. சிக்கல் மறுநாள்தான் வருகிறது. மூடி வைத்த கிண்ணத்தைத் திறந்தால் மேற்பரப்பு பழுப்பாகியிருக்கும். அது கெட்டுவிட்டதா, இல்லையா என்று தெரியாமல் சிலர் அப்படியே கொட்டிவிடுகிறார்கள், சிலர் பச்சையாக இருப்பதை மட்டும் நம்பி நான்காம் நாளும் சாப்பிடுகிறார்கள். இரண்டாவது பழக்கமே எனக்குக் கவலை தருகிறது.

பழுப்பு நிறத்துக்குக் கிருமிகள் காரணமல்ல. பழத்தை மசிக்கும்போது உயிரணுக்கள் உடைந்து, பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு பழத்தின் ஃபீனால் சேர்மங்களை மாற்றிப் பழுப்பு நிறமியை உண்டாக்குகிறது. நறுக்கிய வாழைப்பூ கறுக்காமலிருக்க அதை மோரில் போடுகிறோமே, அங்கும் காற்றைத் தடுப்பதும் புளிப்பால் நொதியை அடக்குவதும்தான் நடக்கின்றன. ஆகவே, உடனே பிரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்த குவாக்கமோலேயின் மேலே மட்டும் மெல்லிய பழுப்பு படிந்திருந்தால், சற்றுக் கசக்கும் அந்த அடுக்கை வழித்தெடுத்துவிட்டு மீதியைத் தாராளமாகச் சாப்பிடலாம். அதே சமயம் பச்சை நிறம் பாதுகாப்புக்கு உத்தரவாதம் ஆகாது. சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் நிறத்தையோ மணத்தையோ மாற்றாமலேயே பெருகக்கூடியவை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சேமிக்கும் வழிகளைப் பார்க்கலாம். கொட்டையை உள்ளே போட்டு வைப்பது பரவலாகச் சொல்லப்படும் வழி என்றாலும், கொட்டை தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தை மட்டுமே அது காற்றிலிருந்து மறைக்கிறது. மற்ற இடமெல்லாம் வழக்கம்போலக் கறுக்கிறது. எலுமிச்சைச் சாறு இதைவிட மிகவும் மேலானது. அதன் புளிப்பு நொதியை மந்தப்படுத்துகிறது. அதிலுள்ள வைட்டமின் சி பழுப்பாகும் வேதிவினையைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் சுவைக்காகப் பிழியும் அளவுச் சாறு, புளிப்புக் குறைந்த இந்தப் பழத்தை ஊறுகாயைப் போலக் கெடாத பண்டமாக மாற்றிவிடாது.

தண்ணீர் ஊற்றி வைக்கும் வழி பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். குவாக்கமோலேயைக் காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்திச் சமப்படுத்தி, அதன்மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி மூடி, சாப்பிடும்போது வடித்துவிட்டால் நிறம் அருமையாக நிற்கிறது. நிறத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் முதலிடம் இதற்குத்தான். ஆனால் லாரித் தண்ணீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்துப் புழங்கும் நம் பகுதியில், அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் இல்லையென்றால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழுப் பழத்தைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிரிட்ஜில் பல நாள் வைக்கும் முறையோ முற்றிலும் தவிர்க்க வேண்டியது: தோலில் உள்ள கிருமிகள் தண்ணீரில் பெருகிச் சதைக்குள்ளும் இறங்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. கத்தி தோலிலிருந்து சதைக்குக் கிருமியைக் கொண்டுபோகும் என்பதால், நறுக்குவதற்கு முன் பழத்தைத் தேய்த்துக் கழுவுவதும் அவசியம்.

எண்ணெய் அடுக்கு நமக்கு இயல்பாகத் தோன்றும் வழி. மாங்காய் ஊறுகாயின் மேல் நல்லெண்ணெய் மிதக்க விட்டுப் பழகிய கைகள் நம்முடையவை. ஆனால் ஊறுகாயைக் காப்பதில் உப்புக்கும் புளிப்புக்கும் பெரும் பங்கு உண்டு. அவை குறைந்த குவாக்கமோலேயில், அதுவும் பச்சைப் பூண்டு சேர்த்திருந்தால், காற்றில்லாத எண்ணெய்க்கு அடியில் பொட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. எண்ணெய் ஊற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் அதை அடுப்பங்கரை மேடையில் விட்டுவைக்கவே கூடாது.

எனவே என் தேர்வு எளியது: எலுமிச்சைச் சாறு கலந்து, சிறிய டப்பாவில் விளிம்புவரை நிரப்பி, உணவுக்கான பிளாஸ்டிக் தாளை மேற்பரப்போடு ஒட்ட அழுத்தி, இறுக மூடிப் பிரிட்ஜில் வைப்பது. வெளித் தண்ணீர் சேராது, சுவை நீர்க்காது, நிறமும் ஓரளவு நிற்கும். வெங்காயமும் தக்காளியும் சேர்ந்த கலவையை 2 நாளுக்குள் முடித்துவிடுவது நல்லது. பழங்கள் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டால், எலுமிச்சைச் சாறு சேர்த்த வெறும் மசியலை மட்டும் ஃப்ரீசரில் வைக்கலாம். வெங்காயமும் தக்காளியும் உறைந்து இளகும்போது நீர்விட்டுத் துவளும் என்பதால் அவற்றைப் பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எந்த வழியானாலும் பிரிட்ஜுக்குள் போகும் முன் கழிந்த நேரமே பாதுகாப்பை முடிவு செய்கிறது. பொதுவாக அறை வெப்பத்தில் 2 மணி நேரம், 32 பாகை செல்சியஸுக்கு மேல் 1 மணி நேரம் என்பதே வரம்பு. சித்திரை, வைகாசி மதியங்களில் சென்னை வீடுகளுக்குப் பொருந்துவது இரண்டாவது வரம்புதான். பிரிட்ஜின் உள்ளே 4 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். மின்தடையில் கதவைத் திறக்காமல் வைத்தால் குளிர் ஏறத்தாழ 4 மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் நீண்டால் கிண்ணத்தில் உள்ளதைக் கொட்டிவிட வேண்டும். காசிமேட்டில் வாங்கிய மீன் அதே பிரிட்ஜில் இருந்தால், மீனை மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டிலும், சூடுபடுத்தாமல் உண்ணப்போகும் குவாக்கமோலேயை மேல்தட்டிலும் வைக்க வேண்டும்.

பூஞ்சை, புளித்த வாடை, பிசுபிசுப்பு, நுரை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் மேலே வழித்துவிட்டு உண்ணலாம் என்ற சலுகை கிடையாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும். லிஸ்டீரியா பிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரும் என்பதாலும், கருவைப் பாதிக்கும் என்பதாலும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவருக்கு மிச்சத்தைத் தராமல் அன்றைக்குப் பழத்தைக் கழுவி நறுக்கிச் செய்ததையே கொடுங்கள்.