புல் தைலமா, சிட்ரோனெல்லாவா: எந்த வேலைக்கு எந்தப் பாட்டில்?

மூணாறு, தேக்கடி, ஊட்டி என்று எந்த மலை ஊருக்குப் போனாலும் தைலக் கடை கண்ணில் படாமல் போகாது. ஒரு பக்கம் ஏலக்காய், மிளகு, சாக்லேட். இன்னொரு பக்கம் வரிசையாகச் சின்னப் பாட்டில்கள். நீலகிரித் தைலம், லெமன்கிராஸ், சிட்ரோனெல்லா, சிட்ரியோடோரா. கொசுவுக்கு எது என்று கேட்டால் பெரும்பாலும் லெமன்கிராஸைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். தரை துடைக்க? அதுவேதான். பொடுகு, மூட்டுவலி, தூக்கமின்மை? எல்லாவற்றுக்கும் அதே பாட்டில். அப்படியானால் பக்கத்தில் சிட்ரோனெல்லா எதற்கு உட்கார்ந்திருக்கிறது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு வாசனைக்கும் தரைக்கும் லெமன்கிராஸ், அதாவது புல் தைலம். சோப்பு காய்ச்சுபவருக்கும், எலுமிச்சை நெடி அதிகமாக அடித்தால் பிடிக்காதவருக்கும் சிட்ரோனெல்லா. கொசுக்கடியிலிருந்து உடம்பைக் காக்க என்றால் இரண்டையும் நம்ப வேண்டாம்.

ஒரே குடும்பம், வேறு வேறு சரக்கு

இரண்டும் சிம்போபோகான் என்ற ஒரே புல் இனத்தைச் சேர்ந்தவை. தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இலையைக் கசக்கினால் தெரிந்துவிடும். லெமன்கிராஸில் எலுமிச்சைத் தோலின் கூர்மை. சிட்ரோனெல்லாவில் எலுமிச்சையோடு ரோஜாவும் பச்சைப் புல்லும் கலந்த, கொஞ்சம் சோப்புத்தனமான மணம்.

இதற்குக் காரணம் உள்ளே இருக்கும் சரக்கு. லெமன்கிராஸ் எண்ணெயின் உயிர் சிட்ரால் என்ற எலுமிச்சை மணப் பொருள். நல்ல எண்ணெயில் அது 75 முதல் 85 சதவீதம் வரை இருக்கும். சிட்ரோனெல்லாவில் சிட்ரோனெல்லால், ஜெரானியால், சிட்ரோனெல்லால் போலவே பெயர் ஒலிக்கும் சிட்ரோனெல்லோல் என மூன்று பேர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். ஜாவா வகையில் சிட்ரோனெல்லால் மட்டுமே சுமார் 35 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும். இலங்கை வகையில் அது மிகக் குறைவு, நெடியும் முரட்டுத்தனம்.

லெமன்கிராஸிலும் இரண்டு வகை உண்டு. கேரள மலைச்சரிவுகளில் எண்ணெய்க்காக வளர்க்கப்படுவது ஃப்ளெக்ஸுவோசஸ். கொச்சித் துறைமுகம் வழியாக ஏற்றுமதியானதால் உலகச் சந்தையில் அதற்குக் கொச்சின் ஆயில் என்றே பெயர். தொட்டியில் வைத்து டீயில் போடுவதும், தாய்லாந்துச் சமையலில் தண்டை நசுக்கிப் போடுவதும் சிட்ரேட்டஸ். அதன் எண்ணெயில் மிர்சீன் என்ற பொருள் கூடுதல். காற்றுப் பட்டால் அது பிசினாகித் திரிந்துபோகும், ஆல்கஹாலிலும் எண்ணெய் சரியாகக் கரையாது. வாசனைத் தயாரிப்பாளர்கள் கொச்சின் எண்ணெயைத் தேடியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எனவே டீக்குத் தொட்டிச் செடி, எண்ணெய்க்கு மலைப் புல். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தைலத்தைச் சொட்டு சொட்டாக வெந்நீரில் விட்டுக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இலையைக் கொதிக்கவைத்த டீ வேறு, பெருங்கட்டுப் புல்லை ஆவியில் வடித்து ஒரு சின்னப் பாட்டிலுக்குள் அடைத்த எண்ணெய் வேறு.

கொசு விஷயம்

இங்கே சிட்ரோனெல்லாவுக்குத்தான் பழைய பெயர். அமெரிக்காவில் 1948-லேயே பூச்சிவிரட்டியாகப் பதிவானது. டீட் என்ற ரசாயன விரட்டி பொதுமக்கள் கைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1957-ல்தான். சரி, பழைய பெயர் இருக்கிறது, வேலை செய்கிறதா? செய்கிறது, ஆனால் கொஞ்ச நேரம். சிட்ரோனெல்லால் சீக்கிரம் ஆவியாகிவிடும். வாசனை போனதும் காவலும் போயிற்று.

2002-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனை வெளிவந்தது. விரட்டி பூசிய கையைக் கொசுக் கூண்டுக்குள் விட்டு, முதல் கடி எப்போது என்று பார்த்தார்கள். 23.8 சதவீத டீட் பூசிய கை சராசரியாக ஐந்து மணி நேரம் தாங்கியது. சிட்ரோனெல்லா தயாரிப்புகளின் சராசரி 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டைகள் ஏறக்குறைய ஒன்றுமே செய்யவில்லை. குழந்தைகளுக்கு அந்தப் பட்டையை வாங்கிக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில்தான் கடிக்கிறது. பள்ளி நேரம் முழுக்க 20 நிமிடத்துக்கு ஒருமுறை யார் பூசிவிடுவது?

லெமன்கிராஸுக்கும் விரட்டும் குணம் உண்டு என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் அதே ஆவியாகும் தொல்லை, கூடவே தோல் எரிச்சல் என்ற கூடுதல் தொல்லை. ஆகவே கொசுவுக்கு என்றால் இரண்டில் சிட்ரோனெல்லா ஒரு மயிரிழை முன்னே நிற்கிறது. அவ்வளவுதான்.

சிட்ரியோடோரா பாட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிட்ரியோடோரா என்பது எலுமிச்சை யூகலிப்டஸ் மரம். அதிலிருந்து கிடைக்கும் பிஎம்டி என்ற பொருள் நன்றாகவே கொசுவை விரட்டும். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் அது இருக்கிறது. மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே உண்டு. ஆனால் ஊட்டிக் கடையில் கிடைப்பது வடித்த எண்ணெய். பிஎம்டி அதில் சொற்பம், பதப்படுத்தினால்தான் கூடும். பெயரை நம்பி ஏமாற வேண்டாம்.

தரையும் தோலும்

தரைக்கு லெமன்கிராஸ்தான். மீன் கழுவிய அடுப்படி, மழைக்கால ஈர வாடை, நாய் படுக்கும் மூலை எல்லாவற்றையும் அது அமுக்கிவிடும். சிட்ரோனெல்லாவின் வாசனை அந்த அளவுக்குத் துப்புரவான உணர்வைத் தருவதில்லை. எனக்கு அது பழைய சோப்புப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும்.

ஒரு சூட்சுமம்: எண்ணெய் தண்ணீரில் கரையாது. சுத்தமான தைலத்தை வாளியில் ஊற்றினால் மேலே மிதக்கும். துடைக்கும்போது திட்டுத் திட்டாகப் படியும். சில சொட்டுகளைத் திரவ சோப்பில் கலந்துவிட்டு அப்புறம் தண்ணீரில் விட வேண்டும். கடையில் வாங்கிய பாட்டிலை ஊற்றியதும் தண்ணீர் பால் போல வெளுத்தால், எண்ணெயைத் தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் அதில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறது என்று அர்த்தம். தரை துடைக்க அது வசதிதான், தப்பில்லை. ஆனால் அதைச் சுத்த எண்ணெய் விலைக்கு வாங்காதீர்கள், தோலில் தடவாதீர்கள்.

தோல் என்று வந்தால் லெமன்கிராஸ் பின்தங்குகிறது. சிட்ரால் ஒவ்வாமை உண்டாக்கக்கூடியது. ஐரோப்பாவில் அழகுப் பொருட்களின் உறையில் கட்டாயம் பெயர் குறிப்பிட வேண்டிய வாசனைப் பொருட்களில் அதுவும் ஒன்று. தடவியே ஆக வேண்டும் என்றால் தேங்காய் எண்ணெயில் 1 சதவீதத்துக்கும் கீழே இருக்கட்டும். சிட்ரோனெல்லா ஓரளவு சாது, ஆனாலும் நேரடியாக வேண்டாம். பூசணத்தையும் பாக்டீரியாவையும் சிட்ரால் ஆய்வகத் தட்டில் நன்றாகவே தடுக்கிறது. தட்டில் நடப்பதை வைத்துப் புற்றுநோய் வரை குணமாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பூனை வளர்க்கும் வீட்டில் இரண்டையுமே காற்றில் பரப்பாமல் இருப்பது நல்லது. பூனையின் கல்லீரலுக்கு இவை எளிதில் செரிப்பதில்லை.

கலப்படம்

கலப்பட வரலாற்றில் சிட்ரோனெல்லாவுக்கே முதல் மரியாதை. 19-ஆம் நூற்றாண்டில் தென்னிலங்கையிலிருந்து கப்பலேறிய எண்ணெயில் மண்ணெண்ணெய் கலப்பது அவ்வளவு சகஜமாக இருந்தது. ஜெர்மனியின் ஷிம்மல் நிறுவனம் அதைப் பிடிக்க ஆல்கஹாலில் கரைத்துப் பார்க்கும் சோதனையையே உருவாக்க வேண்டி வந்தது. அதற்குப் பிறகு ஜாவா வகை சந்தையைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் இப்போது அந்த வகை அஸ்ஸாம் பக்கம் அதிகம்.

லெமன்கிராஸின் கதை வேறு. சிட்ராலிலிருந்து அயனோன் என்ற வாசனைப் பொருள், அயனோனிலிருந்து வைட்டமின் ஏ என்று ஒரு வேதியியல் பாதை உண்டு. அதனால் ஒரு காலத்தில் கேரளப் புல்லுக்கு உலகமெங்கும் கிராக்கி. பெரும்பாவூர் பக்கத்தில் ஓடக்காலியில் 1951-ல் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். சுகந்தி என்ற பெயர்பெற்ற ரகம் அங்கே உருவானது. பிறகு தொழிற்சாலைச் சிட்ரால் வந்தது, சீனாவிலிருந்து சிட்ரால் நிறைந்த லிட்சியா பழ எண்ணெய் வந்தது. இரண்டும் மலிவு. இன்று லெமன்கிராஸ் பாட்டிலில் நடக்கும் கலப்படம் பெரும்பாலும் இந்த வழியில்தான், மண்ணெண்ணெய் மாதிரி மூக்கால் பிடித்துவிட முடியாது. எதிர்பாராத அளவு மலிவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். உறையில் தாவரப் பெயரும், எந்தத் தொகுதி என்ற எண்ணும் இல்லாத பாட்டிலை நான் வாங்குவதில்லை.

சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். பழுப்புக் கண்ணாடியாக இருக்கட்டும். மெல்லிய பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய் மெதுவாகத் தின்றுவிடும். வாங்கிய மாதத்தை ஒட்டி வையுங்கள். சிட்ரால் காற்றோடு சேர்ந்து நாளாக நாளாகக் கெடும், தோலுக்கு இன்னும் மோசமாகும். ஒரு வருடம் தாண்டிய பாட்டிலை வாளிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம்.