கீபோர்டு ஏற்ற ஒரு வேன்: எட்டு வருட அனுபவம்

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வீடு சாலிகிராமம். 2017-இல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு வேனில்தான் இன்றுவரை கச்சேரிக்குப் போய் வருகிறேன். இரண்டு பக்கமும் தள்ளுகதவு, எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில், பெட்ரோல், ஐந்து சீட். கம்பெனிப் பெயர் வேண்டாம். பால் போடுகிறவர், கேட்டரிங்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவர் எல்லாரும் வைத்திருக்கிற ஜாதிதான்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன கார் இருந்தது. டிக்கி இத்தனை லிட்டர் என்று காகிதத்தில் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன். லிட்டர் கணக்கு தண்ணீருக்குச் சரி, கீபோர்டு கேஸ் வளையாது. அதைப் பின் சீட்டில் சாய்த்து, மேலே ஸ்டாண்டைப் போட்டு, பக்கத்தில் ஸ்பீக்கரைச் செருகி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கத்திப்பாரா இறக்கத்தில் சடன் பிரேக். ஸ்டாண்டு பாய்ந்து வந்து, துணி உறையில் இருந்த கீபோர்டில் சுருதியை வளைக்கிற பிட்ச் பெண்ட் சக்கரத்தை உடைத்தது. கயிறு கட்டாதது என் தப்பு. ஆனால் கயிறு கட்ட அந்தக் காரில் ஒரு கொக்கிகூட இல்லை.

வண்டி தேடுகிறவர்கள் எல்லாரும் சாமான் உள்ளே போகுமா என்றுதான் கேட்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாச் சாமானும் உள்ளே போகும். உடம்பில் தெம்பு இருக்கும், குழுவில் எட்டுப் பேர் கூட இருப்பார்கள். கேள்வியே ராத்திரிக்குத்தான். ஒலி மாசு விதியைச் சொல்லிப் பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள். அதுவரை மேடையில் இருந்த பாடகர்கள் பத்தே காலுக்குக் கேப் பிடித்துப் போய்விடுவார்கள். வயர் சுற்றி, கேஸ் மூடி, மண்டபத்து மாடியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கும்போது மணி பதினொன்று. அப்போது இருப்பது நானும், ரிதம் பேட் என்கிற எலக்ட்ரானிக் தாளப் பலகை வாசிக்கிற தம்பியும் மட்டும். அந்த நேரத்தில் இரண்டு ஆள் முதுகு பிடிக்காமல் ஏற்ற முடிகிறதா என்பதைத்தான் வண்டியில் பார்க்க வேண்டும்.

இந்த வேனில் அது முடிகிறது. காரணம் இடம் இல்லை, கதவுதான். பின்கதவு முழுசாக மேலே தூக்கிக்கொள்ளும், தளம் முழங்காலுக்குச் சற்று மேலே. கார் டிக்கியில் ஒரு விளிம்பு இருக்குமே, சாமானை அதற்கு மேல் தூக்கி மறுபடி உள்ளே இறக்க வேண்டுமே, அது இங்கே இல்லை. ஒரு முனையைத் தளத்தில் வைத்துத் தள்ளினால் போதும். வடபழனி, மயிலாப்பூர் சந்துகளில் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் தள்ளுகதவு திறக்கும். பைக்காரர் யாரும் கதவில் வந்து மோத மாட்டார்.

ஒரு கூடுதல் லாபம், இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. காரில் போனால் மண்டபத்து வாட்ச்மேன் விருந்தாளி நிறுத்துமிடத்துக்கு அனுப்புவார். வேனைப் பார்த்தால், “கேட்டரிங்கா? பின்பக்கம் போங்க” என்பார். முதலில் கொஞ்சம் ரோஷம் வந்தது. அப்புறம் பார்த்தால் பின்பக்கத்தில்தான் சாய்தளம் இருக்கிறது, அண்டா ஏற்றுகிற லிஃப்ட் இருக்கிறது. இப்போது நானே சமையல்காரர் மாதிரித் தலையாட்டிவிட்டு நேராகப் பின்பக்கம் போய்விடுகிறேன். அங்கே போனால் முதல் டீயும் கிடைக்கும்.

அளவுக்கு வருகிறேன். 61 கீ உள்ள என் கீபோர்டு ஹார்ட் கேஸோடு 110 செ.மீ. நீளம், நடு சீட்டுக்குப் பின்னால் குறுக்கே படுத்துக்கொள்ளும். 88 கீ உள்ளது 145 செ.மீ. குறுக்கே போகாது. நடு சீட்டின் முதுகுமேல் நீளவாக்கில் சாய்த்தால் ஒரு ஆள் இடத்தை எடுத்துக்கொள்ளும். அன்றைக்கு ஒருவர் மெட்ரோவில் வருவார். 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் இரண்டு, சின்ன மிக்ஸர், ரிதம் பேட், மூன்று ஸ்டாண்டு, வயர்ப் பெட்டி, இத்தனையும் ஏற்றி மூன்று பேர் போகலாம். முழு ட்ரம் செட் சேர்ந்தால் இரண்டு பேர். 18 அங்குல சப்வூஃபர், அதாவது அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர், வேண்டும் என்றால் ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். ஆடி மாதம் அம்மன் கோவில் திருவிழாக்களில் சவுண்டு சர்வீஸ்காரர் தனியாகக் குட்டி யானையில் கொண்டுவந்து இறக்குவார், நமக்கு அந்தக் கவலை இல்லை.

சி.என்.ஜி. போடச் சொல்லி எல்லாரும் சொன்னார்கள். ஏசி போட்டால் ஊருக்குள் லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கிற வண்டிக்கு அது நியாயமான யோசனைதான். ஆனால் சிலிண்டர் உட்காருவது பின்பக்கத்தில், என் கீபோர்டு படுக்கிற இடத்தில். மிச்சம் பிடிக்கிற பெட்ரோல் காசை ஸ்பீக்கருக்கு ஆட்டோ வைத்தே செலவழித்திருப்பேன்.

சரக்கு வண்டியாகவே வாங்கலாமா என்றும் யோசித்தேன். இரண்டு சீட், பின்னால் முழுக்கக் காலி. ஆனால் மஞ்சள் போர்டு. முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். மாதம் ஆறு கச்சேரி போகிறவனுக்கு அது அதிகம். என் வேன் சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு. அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: அடுத்த குழுவின் சாமானை வாடகைக்கு ஏற்றக் கூடாது. இரண்டு பேர் கேட்டார்கள், முடியாது என்றுவிட்டேன். வழியில் ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும்.

சங்கடங்களும் இருக்கின்றன. எஞ்சின் நமக்குக் கீழேயே இருப்பதால் மே மாதத்தில் மதியம் ஓட்டினால் சீட் தோசைக்கல்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் உத்தண்டி தாண்டி எதிர்க்காற்று அடித்தால் பரவாயில்லை, பக்கக்காற்று அடித்தால் உயரமான உடம்பு ஆடும். சாமான் இல்லாமல் திரும்பும்போது இன்னும் ஆடும். அறுபதுக்கு மேல் நான் போவதில்லை. பவர் ஸ்டீயரிங் கிடையாது. வாசிக்கிற கை என்பதால் ராத்திரி நெரிசலில் ரிவர்ஸ் எடுத்துப் பார்க்கிங் போடும்போது மணிக்கட்டு உணரும்.

அப்புறம் கண்ணாடி. நாலாபக்கமும் கண்ணாடி, உள்ளே லட்ச ரூபாய்ச் சாமான். கறுப்புப் படம் ஒட்டலாம் என்றால் 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. பழைய மேடைத் திரைத்துணி ஒன்றை வெட்டி மூடி வைக்கிறேன். மேலே இரண்டு காலி வாழைப்பழக் கூடை. இதுவரை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் தளத்தில் ரப்பர் பாய், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல்தான் கேஸ். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நின்றனவே, அந்த வரிசையில் மைத்துனர் காருக்குப் பின்னால் என் வேனும் நின்றது. கீபோர்டு மட்டும் அவர் வீட்டு மூன்றாம் மாடியில், பீரோ மேல்.

ட்ரம்ஸ் வாசிக்கிற தம்பி இப்போது வண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான். “என்ன அண்ணே பார்க்கணும்?” என்று கேட்டான். பேஸ் ட்ரம்மைக் கேஸோடு ஷோரூமுக்கே எடுத்துக்கொண்டு போய், தனியாளாக ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொன்னேன். சிரித்தான். “சரி, அதை அங்கே கொண்டுபோக உங்க வேனைக் கொடுங்க” என்றான். சனிக்கிழமை காலையில் போகிறோம்.