சிர்கோனியா பல்லில் வெனியர் ஒட்டப் போகிறீர்களா? காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

திருகோணமலையில் யாராவது உடைந்த சிர்கோனியா (வெள்ளையான, கடினமான பீங்கான் வகை) கிரவுனுக்கு, அதாவது பல்லை மூடும் உறைக்கு, மேலே வெனியர் (பல்லின் முன்பக்கத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) ஒட்டப் போவதாக இருந்தால், தயவுசெய்து இதை வாசித்துவிட்டுப் போங்கள். எனக்கு ஒரே பல்லில் மூன்று தடவை ஒட்டி, மூன்று தடவையும் கழன்று விழுந்தது.

என் மேல் முன்பல் ஒன்றுக்குக் கிரவுன் போட்டு ஐந்து வருடம். உள்ளே சிர்கோனியா, வெளியே பல் நிறத்தில் போர்சலின். போன வருடம் தைப்பொங்கலுக்கு முறுக்குக் கடித்தபோது முன்பக்கப் போர்சலின் முழுதாகத் தெறித்துவிட்டது. உள்ளே இருந்த சிர்கோனியா சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. நான் தரம் 2 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். அவர்கள் என் வாயைப் பார்த்துத்தான் எழுத்தைச் சொல்லப் பழகுகிறார்கள்.

நகருக்குள் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். "கிரவுனைக் கழற்றத் தேவையில்லை டீச்சர், மேலே மெல்லிசா ஒரு வெனியர் ஒட்டிவிடலாம்" என்றார் அங்கிருந்த டொக்டர். அந்த யோசனையில் பிழையில்லை, அப்படித் திருத்துகிற முறை உண்மையிலேயே இருக்கிறது. 28,000 ரூபா கட்டினேன்.

ஒட்டின அன்று நடந்ததைச் சொல்கிறேன். பல்லில் நீலநிறக் களிம்பு ஒன்றைப் பூசினார், கழுவினார், காற்றடித்துக் காயவிட்டார், சீமெந்து வைத்து ஒட்டினார், வெளிச்சம் பிடித்தார். கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. இடையில் என் நாக்கு இரண்டு மூன்று தடவை அந்தப் பல்லில் பட்டது, அதை அவர் கவனிக்கவே இல்லை.

ஒன்பதாம் நாள் தேத்தண்ணி குடிக்கும்போது விழுந்தது. அதே துண்டைச் சுரண்டிவிட்டு அதே மாதிரி ஒட்டினார், மூன்று கிழமை நின்றது. மூன்றாவது தடவை 6,000 ரூபா வாங்கிக்கொண்டு, "நீங்கள் பல்லை நெருமுகிறீர்கள்" என்று பழியை என்மேல் போட்டார். அது வகுப்பில், பிள்ளைகளுக்கு முன்னால் விழுந்தது.

அப்புறம் விழுந்த துண்டைப் பஞ்சில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். அங்கே ஒரு டொக்டர் அதை லைற்றுக்குக் கீழே பிடித்துக் காட்டினார்.

"பாருங்கோ டீச்சர், சீமெந்து முழுக்க வெனியரோடேயே வந்திருக்கு. பல்லில் ஒரு பொட்டும் இல்லை."

கண்ணாடியில் பார்த்தேன். சிர்கோனியா கழுவி வைத்த கோப்பை போலப் பளபளத்தது. வெனியர் பக்கம் ஒட்டியிருக்கிறது, சிர்கோனியா பக்கம் ஒட்டவே இல்லை.

அவர் விளக்கினார். வெனியர் செய்கிற போர்சலினில் கண்ணாடிப்பொருள் இருப்பதால் ஹைட்ரோபுளோரிக் அமிலம் அதை அரித்துச் சொரசொரப்பாக்கும், பிறகு சைலேன் என்கிற இணைப்புத் திரவம் பூசினால் சீமெந்து பிடிக்கும். சிர்கோனியாவில் அந்தக் கண்ணாடிப்பொருள் இல்லை, அதனால் அமிலம் வேலைக்காகாது. 50 மைக்ரோன் அளவு அலுமினாத் தூளைக் குறைந்த அழுத்தத்தில் வீசிச் சிர்கோனியாவின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, எம்டிபி (சிர்கோனியாவைப் பிடித்துக்கொள்ளும் ஒரு இரசாயனம்) சேர்ந்த பிறைமர், அதாவது சீமெந்துக்கு முன் பூசுகிற திரவம், பூச வேண்டும். எனக்குப் பூசிய நீலக் களிம்பு பொஸ்போரிக் அமிலம். அதிலுள்ள பொஸ்பேட் சிர்கோனியாவில் ஒட்டிக்கொண்டு, எம்டிபி பிடிக்க வேண்டிய இடத்தை அடைத்துவிடும். எச்சிலிலும் பொஸ்பேட் உண்டு, பட்டால் வெறும் தண்ணீரில் போகாது. அதற்காகவே அவர் பல்லைச் சுற்றி றப்பர் விரிப்புக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார். ஒட்டி முடிக்க ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. புது வெனியர் இன்றைக்கு ஏழு மாதமாக நிற்கிறது.

ஆகவே கதிரையில் சாய முன் கேளுங்கள்: தூள் வீசுகிற கருவி இருக்கிறதா, சிர்கோனியாவுக்கான பிறைமர் போடுவீர்களா, றப்பர் விரிப்புக் கட்டுவீர்களா? இதைக் கேட்பதற்கு முகம் சுளித்தால் எழும்பி வாருங்கள். விழுந்த துண்டையும் எறியாதீர்கள், எந்தப் பக்கம் பிடிக்கவில்லை என்று அதில்தான் தெரியும்.

ரசீதையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். நான் காசைத் திருப்பிக் கேட்கப் போனபோது என்னிடம் இருந்தது திகதி எழுதிய ஒரு சின்ன அட்டை மட்டும். தொகை எங்கேயும் எழுதப்படவில்லை. 34,000 ரூபாவில் ஒரு சதமும் திரும்பி வரவில்லை.